மார்பகச் சீரமைப்பும் மனநிறைவும்

"நோய் நீங்கியது" என்று மருத்துவர் கூறும் சொல்லும், "நலமாயிருக்கிறேன்" என்று நோயுற்றவர் கூறும் சொல்லும் ஒன்றேபோல் ஒலிப்பினும் பொருளால் வேறுபட்டவை. முன்னையது உடலைச் சோதித்து அறியப்படுவது. பின்னையது வாழ்ந்தவரைக் கேட்டே அறியத்தக்கது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு எவ்வளவு என்பதை மருத்துவ உலகம் அண்மைக் காலத்திலேதான் அளக்கத் தொடங்கியிருக்கிறது. அவ்வாறு அளந்ததால் விளைந்த தெளிவை, மார்பகப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட பெண்களின் வாழ்விலிருந்து எடுத்து விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவி ஒருத்தி இப்பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. நாம் வகுப்பிற் பயிலும் பழம்பாடல்கள் பெண்ணின் உடலழகைக் கூச்சமின்றிப் பாடுகின்றன. ஆயினும் அவ்வுடலில் இந்நோய் வந்துற்றால், அதன் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சி, "அந்த வியாதி" என்று குரலைத் தாழ்த்துகிறோம். இது முதற்காரணம். மற்றொரு காரணம் என் அத்தை. எங்கள் ஊர்க் கோயிற் பாடற்குழுவில் இருபது ஆண்டுகளாக முன்வரிசையில் நின்று பாடியவர் அவர். ஒரு மார்பகம் அகற்றப்பெற்று, நோய் தீர்ந்து, அவர் வீடு திரும்பியபோது யாங்கள் அனைவரும் கடவுளுக்கு நன்றி செலுத்தினோம். அதன் பின்னர் அவர் பாடற்குழுவிற்குப் போகவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் அமர்வதே வழக்கமாயிற்று. தொண்டைக்கு என்ன நேர்ந்தது என்று சிலர் கேட்டனர். தொண்டைக்கு ஒன்றும் நேரவில்லை. ரவிக்கைக்குள் மடித்து வைத்த பழந்துணி, பாட்டுப்புத்தகத்தைக் கையில் உயர்த்தும்போதெல்லாம் இடம் பெயர்ந்துவிடும் என்பதை அவர் என்னிடம் சொன்னது மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே.

இத்துன்பத்தின் வேரை அறிய, இவ்வறுவையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பேரறிஞர், 1894-ஆம் ஆண்டில் தாம் செய்துவந்த அறுவைகளின் பயனை வெளியிட்டார். புற்றானது மார்பகத்தில் தோன்றி, அடுத்தடுத்த உறுப்புகளுக்கு வரிசையாகப் பரவுவது என்பது அவர் கொள்கை. ஆதலின் மார்பகத்தையும், அதன்கீழுள்ள மார்புத் தசைகளையும், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றிவிடுதலே தக்கதென அவர் கருதினார். அதற்குமுன் அறுத்த இடத்திலேயே கட்டி மீண்டும் தோன்றுதல் பெருவழக்காயிருந்தது. அவர் முறை அதனைப் பெரிதும் குறைத்தது. இஃது அக்காலத்திற் பெரும்பேறே என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பெண்கள் கொடுத்த விலையும் பெரிது. மார்பு குழிந்து, தோலின்கீழ் விலாவெலும்புகள் தோன்றும், கை வீங்கும், தோளை உயர்த்துதல் அரிதாகும். அறுத்த இடத்தை மூடி அழகுபடுத்த முயல்வது, மீண்டு தோன்றும் நோயை மறைத்துவிடும் என்று அஞ்சி ஹால்ஸ்டெட் அதனை விரும்பவில்லை. அவர் காட்டிய வழியே ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு உலகெங்கும் நிலவியது.

இக்கொள்கையை ஐயுற்றுச் சோதித்தவர்களுள் தலையாயவர் இருவர். ஒருவர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துப் பெர்னார்ட் பிஷர். மற்றவர் இத்தாலி நாட்டு மிலான் நகரத்து உம்பெர்ட்டோ வெரோனேசி. தொடக்க நிலையில் உள்ள சிறு கட்டியாயின், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அளித்தல் போதுமா, அன்றி மார்பகம் முழுவதையும் அகற்றுதல் வேண்டுமா என்பதே அவர்கள் ஆராய்ந்த வினா. வெரோனேசி 701 பெண்களையும், பிஷர் 1,851 பெண்களையும் தம் ஆராய்ச்சியிற் சேர்த்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2002-ஆம் ஆண்டில் இருவர் முடிவுகளும் ஒரே மருத்துவ இதழில் வெளியாயின. உயிர் பிழைத்திருத்தலில் இருமுறைக்கும் வேறுபாடில்லை என்பதே அவை தெரிவித்த உண்மை.

இம்முடிவினால் விளைந்த மாறுதல் அறுவையின் அளவு குறைந்தது மட்டுமன்று. இருவழியும் உயிரைச் சமமாகக் காக்குமாயின், எவ்வழியைத் தேர்வது என்பதை மருத்துவர் தாமே தீர்மானிக்கும் உரிமை தளர்கிறது. வாழப்போகிறவர் எவ்வாறு வாழ விரும்புகிறார் என்னும் வினா அவ்விடத்தே எழுகிறது. எனினும், கட்டி பெரிதாயினும், பல இடங்களில் தோன்றினும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெற இயலாதாயினும், மார்பகத்தை முழுதும் அகற்றுதல் இன்றும் பலருக்குத் தேவையாகிறது. அத்தகையோர்க்கு உரியதே சீரமைப்பு அறுவை.

சீரமைப்பின் தொடக்கம் ஹால்ஸ்டெட் காலத்தையே சார்ந்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் வின்சென்ஸ் செர்னி என்னும் மருத்துவர், 1895-ஆம் ஆண்டில் ஓர் அரிய செய்தியை வெளியிட்டார். புற்றல்லாத நோயால் ஒரு மார்பகத்தை இழந்த பாடகி ஒருவருக்கு, அவர் உடலிலேயே வேறோரிடத்தில் வளர்ந்திருந்த கொழுப்புக்கட்டியை எடுத்து, இழந்த இடத்தில் வைத்து அவர் வடிவத்தைச் சமன் செய்தார். முதன்முதல் இவ்வுதவியைப் பெற்றவர் அவையின்முன் நின்று பாடவேண்டிய ஒருவர் என்பதைப் படித்தபோது யான் யாரை நினைத்தேன் என்று சொல்லவேண்டுவதில்லை. பின்னர், இத்தாலிய மருத்துவர் டான்சினி என்பார், 1906-ஆம் ஆண்டில், முதுகின் அகன்ற தசையைத் தோலோடு திருப்பி மார்பில் அமைக்கும் முறையை விளக்கினார். ஹால்ஸ்டெட்டின் கொள்கை வலுப்பெற்றிருந்த அந்நாளில் இம்முறை வழக்கூன்றாமல் மறக்கப்பட்டு, நெடுங்காலம் கழித்தே மீண்டும் உயிர்பெற்றது.

இக்காலத்தில் வழங்கும் முறைகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல்வகை, சிலிக்கோன் பையைப் பொருத்துதல். 1962-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் குரோனின், ஜெரோ என்னும் இருவர் இப்பையை முதன்முதல் ஒரு பெண்ணின் மார்பில் வைத்தனர். புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவர்க்குத் தோல் போதாமையின், முதலில் வெறும்பை ஒன்றைத் தோலின்கீழ் அல்லது தசையின்கீழ் வைப்பர். வாரந்தோறும் சிறிது சிறிதாக உப்புநீரை ஊசியால் ஏற்ற, பை விரிந்து தோலையும் விரிவடையச் செய்யும். சூல்கொண்ட வயிற்றின் தோல் மெல்ல விரிதல் போன்றது இது. போதிய இடம் உண்டானபின் அப்பையை நீக்கி, நிலையான பையை வைப்பர். இதில் அறுவையின் நேரம் குறைவு. உடலின் வேறிடத்தில் வடுவில்லை. ஆயினும் பை என்றென்றைக்கும் உழைப்பதன்று. சிலர்க்கு அதனைச் சுற்றி இறுகிய உறை உண்டாகி வலிக்கும். சிலர்க்குப் பையை மாற்ற மறுபடியும் அறுவை வேண்டும். சிலிக்கோன் பைகளின் பாதுகாப்பில் ஐயங்கொண்ட அமெரிக்க அரசு 1992-ஆம் ஆண்டில் அவற்றின் வழக்கைப் பெரிதும் கட்டுப்படுத்தி, ஆராய்ச்சிக்குப் பின் 2006-ஆம் ஆண்டில் மீண்டும் இசைவளித்தது. சொரசொரப்பான மேற்பரப்புடைய சிலவகைப் பைகள், நிணநீர் மண்டலத்தில் தோன்றும் அரியதொரு புற்றுக்குக் காரணமாதல் கண்டு 2019-ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டன.

இரண்டாம் வகை, தன் உடலின் தசையையும் கொழுப்பையும் கொண்டே புதிதமைத்தல். 1982-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்ட்ராம்ப் என்பார், அடிவயிற்றின் தோலையும் கொழுப்பையும் அவற்றிற்குக் குருதி தரும் வயிற்றுத் தசையோடு மேலே நகர்த்தி மார்பகம் சமைக்கும் முறையை வெளியிட்டார். வயிற்றுத் தசையை இழப்பதால் வலிமை குன்றுதல் கண்டு, அதன்பின் 1990-களில், தசையை அங்கேயே விட்டு, நுண்ணிய குருதிக்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, நுண்பெருக்காடியின் உதவியால் மார்பிலுள்ள குழாய்களோடு இணைத்துத் தைக்கும் முறை பரவிற்று. இவ்வறுவை பல மணிநேரம் நீளும். கைதேர்ந்த மருத்துவர் குழு வேண்டும். இணைத்த குழாயிற் குருதி உறைந்தால் வைத்த பகுதி முழுதும் கெடவுங்கூடும். ஆனால் நிலைபெற்றுவிட்டால் அது உடலின் ஒரு பகுதியாகவே வாழ்ந்து, உடல் பருத்தால் தானும் பருத்து, இளைத்தால் தானும் இளைக்கும்.

எவ்வகையாயினும் ஒன்றை மறத்தலாகாது. அமைக்கப்படுவது வடிவமேயன்றிப் பழைய உறுப்பன்று. தொடுவுணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. திரும்பினும் முன்போல் இருப்பதில்லை. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தோல் இறுகுவதால், அத்தகையோர்க்குப் பை வைத்தலில் இடையூறு மிகும். இவற்றையெல்லாம் முன்னரே அறிந்து ஒருப்படுபவர்க்கும், அறியாது ஒருப்படுபவர்க்கும், பின்னர் உண்டாகும் மனநிலை ஒன்றாயிராது.

இனி, இத்தகைய அறுவை வெற்றியா தோல்வியா என்பதை அறிவது எங்ஙனம்? நெடுங்காலம் இதற்கு விடையளித்தவர் அறுத்த மருத்துவரே. முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டு, இருபுறமும் ஒத்திருக்கின்றனவா, வடு மறைந்ததா என்று நோக்கி மதிப்பிட்டனர். படத்தில் அழகாய்த் தோன்றுவது, உடுத்தும்போதும் உறங்கும்போதும் பிள்ளையைத் தூக்கும்போதும் எவ்வாறிருக்கிறது என்பதைப் படம் சொல்லாது. இக்குறையை உணர்ந்து, ஆண்ட்ரியா பூசிக் என்னும் அறுவை மருத்துவரும், ஆன் கிளாசென், ஸ்டீபன் கேனோ என்னும் ஆராய்ச்சியாளரும், தம் துணைவரோடு சேர்ந்து, 2009-ஆம் ஆண்டில் 'பிரெஸ்ட்-கியூ' என்னும் வினாநிரலை வெளியிட்டனர். அதன் சிறப்பு யாதெனின், வினாக்கள் மருத்துவரின் கற்பனையிற் பிறவாமல், அறுவை செய்துகொண்ட பெண்களோடு நெடிது உரையாடி, அவர்கள் எவற்றைப் பொருட்படுத்தினரோ அவற்றிலிருந்தே தொகுக்கப்பட்டமையாம். ஆடையுடுத்தபோது தோற்றம், கண்ணாடிமுன் நிற்கும்போது உணர்வு, பிறர் நடுவே உள்ள தன்னம்பிக்கை, மார்பிலும் தோளிலும் வலி, இல்லற வாழ்வின் நெருக்கம் ஆகிய இவை தனித்தனியே வினவப்படுகின்றன. மருத்துவர் முன்கூட்டியே போதிய விளக்கம் அளித்தனரா என்பதும் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. விடைகள் 0 முதல் 100 வரையுள்ள மதிப்பெண்ணாக மாற்றப்படுகின்றன. அறுவைக்கு முன்னும் பின்னும் இவற்றைக் கேட்டால், ஒருவர் எவ்விடத்தில் நலம் பெற்றார், எவ்விடத்தில் இழந்தார் என்பது விளங்கும்.

இவ்வாறு கேட்டபோது கிடைத்த விடைகள் எவை? அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள பதினொரு மருத்துவ நிலையங்கள் சேர்ந்து நிகழ்த்திய பேராராய்ச்சி ஒன்றின் முடிவுகள் 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தன. இரண்டாண்டுகள் கழித்து வினவியபோது, தம் உடற்பகுதியைக் கொண்டே சீரமைத்துக்கொண்டவர், பை வைத்துக்கொண்டவரினும் மிகுந்த நிறைவு தெரிவித்தனர். மனநலத்திலும் அவர்களே மேம்பட்டிருந்தனர். இது மட்டும் கேட்டவர், இரண்டாம் வகையே எல்லார்க்கும் ஏற்றதென்று முடிவு செய்வர். ஆனால் அதே ஆராய்ச்சி மற்றோர் உண்மையையும் மறையாது உரைத்தது. இருவகையினரையும் சேர்த்து எண்ணியபோது, இரண்டாண்டுக்குள் மூவரில் ஒருவர்க்கு ஏதேனும் ஓர் இடையூறு நேர்ந்தது; ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அதன்பொருட்டு மீண்டும் அறுவை மேசைக்குச் சென்றனர்; நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குச் சீரமைப்பே பயனின்றிப் போயிற்று. நிறைவும் இடர்ப்பாடும் ஒருங்கே வருவன என்பது இதனாற் புலனாகும்.

இவற்றினும் என் உள்ளத்தைத் தொட்டது மற்றோர் ஆராய்ச்சி. கிளாரா லீ என்னும் மருத்துவரும் அவர் துணைவரும், மார்பகத்தை அகற்றிக்கொள்ளவிருந்த பெண்களிடம் அறுவைக்கு முன்னரே, "ஓராண்டு கழித்து நீங்கள் எவ்வாறு இருப்பீர்கள் என்று எண்ணுகிறீர்கள்?" என்னும் பொருள்பட வினவி, ஓராண்டு கழித்து உண்மை நிலையோடு ஒப்பிட்டனர். சீரமைப்பு வேண்டாமென்றவர்கள் தாம் அஞ்சியதைவிட நலமாகவே இருந்தனர். சீரமைப்பை மேற்கொண்டவர்களோ, சிலவகையில் தாம் எதிர்பார்த்த அளவு நலம் பெறவில்லை. அச்சமும் மிகை, நம்பிக்கையும் மிகை. அதே குழுவினர் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட வேறோர் ஆராய்ச்சியில், 126 பெண்களுள், செய்தியை நன்கறிந்து தம் விருப்பத்திற்கேற்ப முடிவு செய்தவர் நூற்றுக்கு 43 பேரே என்று கண்டனர். கல்வியிலும் செல்வத்திலும் ஓங்கிய நாட்டிலேயே பாதிக்கும் குறைவானோர்தாம் தெளிந்து தேர்ந்தனர் என்றால், ஏனையோர் நிலையை என்னென்பது!

சீரமைப்பே வேண்டாமென்று தட்டையான மார்போடு வாழத் துணிந்தவரும் பலர். அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட், தாம் மார்பகத்தை இழந்தபின், பொய்மார்பு அணியாமல் மருத்துவர் நிலையத்துக்குச் சென்றபோது, அங்கிருந்த தாதி தம்மைக் கடிந்துகொண்டதை 1980-ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் எழுதியுள்ளார். பிறர் மனம் வாடாதிருக்க அவர் தம் இழப்பை மறைக்கவேண்டுமாம்! 2021-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இவ்வாறு வாழும் 931 பெண்களுள் நூற்றுக்கு 74 பேர் நிறைவு தெரிவித்தனர். அவர்களுட் பலர் இதற்கெனவே அமைந்த கூட்டங்களைச் சேர்ந்தவர் ஆதலின் எல்லார்க்கும் இக்கணக்குப் பொருந்துமென்று கொள்ளலாகாது. எனினும் நூற்றுக்கு 22 பேர், தம் விருப்பத்தை அறுவை மருத்துவர் மதிக்கவில்லை என்று கூறியதும், நிறைவின்மைக்கு அதுவும் காரணமாயிருந்ததும் எண்ணத்தக்கன.

ஆகவே, இவ்வாராய்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். மனநிறைவு, புதிதாய் அமைந்த வடிவத்தில் மட்டும் இல்லை, வடிவமின்மையிலும் இல்லை. உள்ள வழிகள் இவை, ஒவ்வொன்றின் நன்மையும் தீமையும் இவை என்று முன்னரே அறிவிக்கப்பெற்று, தன் வாழ்க்கைக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுத்த பெண்ணிடத்திலேயே அது பெரிதும் நிலைபெறுகிறது.

நம் நாட்டிற்கு இச்செய்தி இன்றியமையாதது. இந்தியப் பெண்களிடையே மிகுதியாய்க் காணப்படும் புற்று மார்பகப் புற்றே. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,90,000 பெண்களுக்கு இது புதிதாய்க் கண்டறியப்பட்டதாகக் கணிக்கப்பட்டுள்ளது. அமெரிக்காவில் 1998-ஆம் ஆண்டிற் செய்த சட்டமொன்று, மார்பகத்தை அகற்றுவதற்குப் பணமளிக்கும் காப்புறுதிக் கழகங்கள் சீரமைப்புக்கும், மற்றைய மார்பகத்தைச் சமன் செய்வதற்கும், புறத்தே அணியும் பொய்மார்புக்கும் பணமளித்தல் வேண்டுமென விதித்தது. அதாவது, இவை வீண் அலங்காரமல்ல, சிகிச்சையின் பகுதியே என்று அந்நாடு ஏற்றுக்கொண்டது. இங்கோ, "உயிர் பிழைத்ததே பெரிது, இனி அழகு எதற்கு?" என்னும் சொல்லை அன்புடையாரே கூறக் கேட்கிறோம். அன்பினாற் சொல்லினும் அது கேட்பவர் வாயை அடைத்துவிடுகிறது. பஞ்சு நிறைத்துத் தைத்த உறையொன்றும், அது நழுவாதிருக்க உள்ளே பை வைத்த உள்ளாடையும் எளிய செலவில் அமைபவை. அவற்றைக்கூட எடுத்துச் சொல்வார் இல்லாமையால் எத்தனை பேர் பழந்துணியோடு வருந்துகின்றனரோ!

என் அத்தைக்கு அறுவை நிகழ்ந்த இடத்தில், சீரமைப்பு என ஒன்று உண்டென்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. இக்கட்டுரைக்காகப் படித்தவற்றை விடுமுறையில் அவருக்கு எடுத்துரைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தார். "தெரிந்திருந்தால் செய்துகொண்டிருப்பீர்களா, அத்தை?" என்றேன். சற்றே நினைத்து, "வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேனம்மா. இன்னொரு தரம் அறுக்க எனக்குத் தைரியம் ஏது? ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். ஆராய்ச்சியாளர் எண்களாற் கூறியதை அவர் ஒரு வார்த்தையிற் கூறிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அன்று மாலை யானும் அவரும் தையற்காரியிடம் சென்று, உட்பை வைத்த உள்ளாடை இரண்டு தைக்கக் கொடுத்து வந்தோம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் கூறுகள் நான்கினை எண்ணுகிறார். மருத்துவரும், மருந்தும், அருகிருந்து பேணுபவரும் அங்கே இடம்பெறுகின்றனர். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னே அவர் வைத்தது நோயுற்றவரை. அவ்வரிசையின் பொருள் இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நம் கல்லூரியிற் பயில்வாருட் சிலர் நாளை மருத்துவராவர், சிலர் தாதியராவர், சிலர் போதகராவர். அனைவரும் ஒரு தாய்க்கு மக்களாகவோ, ஒரு பெண்ணுக்கு உறவினராகவோ இருப்பர். நோய் தீர்ந்து வீடு திரும்பிய ஒருவரைக் காணும்போது, நன்றி செலுத்துவதோடு நின்றுவிடாமல், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை அருகே அமர்ந்திருப்போமாக.